கொழுந்து பறிக்கும் விரலும் கைபேசிப் பணமும்: கைரேகைப் பூட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் கைபேசி பழுது பார்க்கும் கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு மார்கழி, தை மாதங்களில் ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வரும். சென்ற வாரம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் வந்து, "தம்பி, புது போனு, ஆனா என் விரலையே எடுக்க மாட்டேங்குது, பாருங்க" என்று கையை நீட்டினார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகைகளுக்கு நடுவே கரும்பழுப்புக் கறை ஏறியிருந்தது. நுனியில் இரண்டு குறுக்கு வெடிப்புகள். தோல் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மட்டுமே வரிகள் தெரிந்தன. சென்சாரைச் சோதித்துப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்தது. எப்போது விரலைப் பதிந்தீர்கள் என்று கேட்டதும் விஷயம் விளங்கிவிட்டது: தீபாவளி விடுமுறையில், எண்ணெய் தேய்த்துக் குளித்து, நான்கு நாள் தோட்டத்துக்கே போகாமல் இருந்தபோது பதிந்திருக்கிறார். போன் நினைவில் வைத்திருந்தது அந்த ஓய்வு விரலை. அவர் தினமும் காட்டுவதோ வேலை செய்யும் விரலை.

மலையில் வாழ்பவர்கள் கைரேகையைக் கொண்டு பணம் செலுத்த விரும்பினால் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். குளிர், பனி, மழை, கொழுந்துச் சாறு, கேரட் கழுவும் தண்ணீர் ஆகிய எல்லாம் சேர்ந்து நம் விரல் நுனியை மாதத்துக்கு மாதம் மாற்றுகின்றன. சமவெளியில் ஒருமுறை பதிந்துவிட்டு மறந்துவிடக்கூடிய அமைப்பை இங்கே கொஞ்சம் பொறுமையுடன், சரியான வரிசையில் செய்ய வேண்டும்.

எந்தக் கைரேகை எங்கே போகிறது

பலரும் மூன்று வெவ்வேறு கைரேகைகளை ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். ரேஷன் கடை இயந்திரத்தில் வைக்கும் விரல் ஆதார் ஆணையத்தின் தரவுத்தளத்தில் உள்ள பதிவோடு ஒப்பிடப்படுகிறது. தபால்காரரோ வங்கி முகவரோ வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் சிறு கருவியில் ஆதார் எண்ணையும் விரலையும் கொடுத்துப் பணம் எடுக்கிறோமே, அதுவும் அதே ஆதார் பதிவோடுதான் ஒப்பிடப்படுகிறது. ஆனால் உங்கள் கைபேசியில் பதியும் விரல் ஆதாருக்கும் போவதில்லை, வங்கிக்கும் போவதில்லை, கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ போவதில்லை. அது போனுக்குள்ளேயே, மற்றச் செயலிகள் எட்டிப் பார்க்க முடியாத தனிப் பாதுகாப்புப் பகுதியில் தங்கிவிடுகிறது. அதுவும் படமாக இல்லை. ரேகையின் அமைப்பிலிருந்து உருவாக்கிய கணிதக் குறிப்பாகவே சேமிக்கப்படுகிறது.

ஆகவே, ரேஷன் கடையில் விரல் எடுக்கவில்லை என்பதற்காகப் போனில் விரலை மாற்றுவதும், போனில் எடுக்கவில்லை என்பதற்காக ஆதார் மையத்துக்குப் போய் வரிசையில் நிற்பதும் வீண் வேலை. அப்படி உதகை வரை பேருந்தில் போய்த் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் போனில் இருப்பது எந்த சென்சார்

இன்றைய போன்களில் மூன்று வகை சென்சார்கள் இருக்கின்றன. பக்கவாட்டுப் பொத்தானிலோ பின்புறத்திலோ இருப்பது பெரும்பாலும் மின்தேக்க முறையில் இயங்குவது. ரேகையின் மேடு சென்சாரை ஒட்டியும் பள்ளம் சற்று விலகியும் இருப்பதால், இரண்டுக்கும் இடையிலான மின்தேக்க வேறுபாட்டை ஆயிரக்கணக்கான நுண்புள்ளிகளில் அளந்து ரேகையின் வரைபடத்தை அது உருவாக்குகிறது. விலை குறைந்த போன்களில் இதுவே அதிகம், என் அனுபவத்தில் உழைக்கும் கைகளுக்கு ஓரளவு ஒத்துப்போவதும் இதுவே. ஆனால் ஈரம் இதற்குப் பகை: தண்ணீர் பள்ளங்களை நிரப்பிவிட்டால் மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். குளிரில் தோல் வறண்டு விறைத்துப்போனாலும் மேடுகள் சென்சாரை முழுமையாகத் தொடுவதில்லை.

திரையைத் தொட்டவுடன் விரலடியில் பளிச்சென்று வெளிச்சம் அடித்தால் அது ஒளியால் படமெடுக்கும் சென்சார். திரையின் வெளிச்சத்தில் விரலைப் படம் பிடித்துப் பார்க்கிறது. கறையும் அழுக்கும் அதைக் குழப்பக்கூடும். நேரடி வெயிலிலும் சில சமயம் தடுமாறும். மூன்றாவது, திரைக்கு அடியிலிருந்து மீயொலியை அனுப்பி அதன் எதிரொலியைக் கொண்டு ரேகையின் மேடுபள்ளத்தை அளப்பது. 2019இல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்10 போனில் வந்து பரவலாக அறியப்பட்ட இந்த வகை, லேசான ஈரத்தை மற்ற இரண்டையும்விட நன்றாகச் சமாளிக்கிறது. இன்றும் பெரும்பாலும் விலை கூடிய போன்களில்தான் இருக்கிறது.

அதே எஸ்10 போனில் அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ஒரு கோளாறை நம் ஊர்க்காரர்களும் தெரிந்துகொள்வது நல்லது. சிலவகைச் சிலிக்கான் உறையைத் திரைமேல் போட்டால் பதிவு செய்யாத விரலுக்கும் போன் திறந்துகொண்டது. உறையின் உட்புறத்தில் இருந்த அச்சையும் சென்சார் ரேகையோடு சேர்த்து வாசித்ததுதான் காரணம். சாம்சங் மென்பொருள் திருத்தம் வெளியிட்டு அதைச் சரிசெய்தது. நடைபாதையில் நூறு ரூபாய்க்கு ஒட்டித் தரும் கண்ணாடியை உங்கள் போனில் ஒட்டினால், ஒட்டிய கையோடு இரண்டு காரியம் செய்யுங்கள்: பதிந்த விரலால் திறக்கிறதா என்று பாருங்கள், பக்கத்தில் நிற்பவரின் விரலால் திறக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவதை யாரும் செய்வதில்லை.

முதல் படி: விரலுக்கு முன் திரைப்பூட்டு எண்

கைரேகையைப் பதியப் போனால், போன் முதலில் ஒரு திரைப்பூட்டு எண்ணையோ கடவுச்சொல்லையோ கேட்கும். இதை ஒரு சடங்காக நினைத்து 1234 என்றோ பிறந்த வருடத்தையோ கொடுத்துவிட்டு விரலுக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் முழு அமைப்பும் இந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது. போனை அணைத்துத் திறந்தால் விரல் செல்லாது, எண்தான் கேட்கும். விரல் பலமுறை தவறினாலும் எண்தான் கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எண் தெரிந்த எவரும் செட்டிங்ஸ் பகுதிக்குள் போய்த் தம் விரலை உங்கள் போனில் சேர்த்துவிட முடியும். விரல் வலுவான பூட்டாக இருந்து எண் பலவீனமாக இருந்தால், முன்கதவுக்குத் திண்டுக்கல் பூட்டும் பின்கதவுக்குக் கயிறும் போட்ட கதைதான்.

ஆறு இலக்கம் வையுங்கள். பணம் அனுப்பக் கொடுக்கும் யு.பி.ஐ. பின் எண்ணும் திரைப்பூட்டு எண்ணும் ஒன்றாக இருக்கக் கூடாது. போன் உறைக்குள் துண்டுச் சீட்டில் எழுதி வைக்கவும் கூடாது. நாங்கள் உறையைக் கழற்றும்போது அந்தச் சீட்டு எங்கள் மேசையில்தான் விழுகிறது.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு கெட்ட வழக்கத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழுதுக்கு வரும் போனின் பூட்டு எண்ணைக் கேட்டு ரசீதின் மேலேயே எழுதி ஒட்டிவைப்பது பல கடைகளில் நடக்கிறது. நானும் சில ஆண்டுகள் அதைச் செய்தவன்தான். திரை மாற்றவோ மின்கலம் மாற்றவோ அந்த எண் பெரும்பாலும் தேவையில்லை. வேலை முடிந்தபின் உங்கள் எதிரிலேயே நீங்கள் திறந்து சோதித்தால் போதும். சாம்சங் உள்ளிட்ட சில போன்களில் உங்கள் படங்களையும் செயலிகளையும் மறைத்துவைத்துப் பழுதுக்குக் கொடுக்கும் பராமரிப்பு முறை ஒன்றும் இருக்கிறது. தவிர்க்க முடியாமல் எண்ணைச் சொல்ல நேர்ந்தால், போனை வாங்கிய அன்றே எண்ணை மாற்றிவிட்டு, பதிவாகியிருக்கும் விரல்களின் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள்.

இரண்டாம் படி: விரலைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் வேலை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும்தான் தேய்க்கிறது. பசுங்கொழுந்தைக் கிள்ளும்போது வெளிவரும் சாறு காற்றுப் பட்டதும் பழுப்பாகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை கருந்தேயிலையாக மாறுவதும் இதே வேதி மாற்றத்தால்தான் என்பதை நினைத்தால், ஒரு வகையில் விரலும் தினமும் கொஞ்சம் தேயிலையாகிறது எனலாம். அந்தச் சாறு காய்ந்து ரேகைப் பள்ளங்களில் படிகிறது. ஆனால் நம்மில் எல்லோரும் போனில் பதிவதும் இதே இரண்டு விரல்களைத்தான்.

மோதிர விரலைப் பாருங்கள். கிள்ளும் வேலையில் அதற்குப் பங்கு குறைவு என்பதால் ரேகை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். முதல் சில நாட்கள் அந்த விரலைக் கொண்டுபோய் வைப்பது கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், பிறகு பழகிவிடும். கேரட், பீட்ரூட் கழுவும் கூடங்களில் நிற்பவர்களுக்குப் பத்து விரலுமே நீரில் ஊறிச் சுருங்கிவிடுவதால் இந்த உபாயம் பாதிதான் பலிக்கும். அவர்கள் வேலை முடிந்து அரை மணி நேரம் கழித்து முயல்வதே நல்லது. கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவர்களும் செடியைத் தறித்துவிடும் கவ்வாத்து வேலைக்குப் போகிறவர்களும், காய்ப்பு ஏறாத கையின் விரலைத் தேர்ந்துகொள்ளலாம்.

கறையைப் போக்கப் பிளீச்சிங் தூளையும் எலுமிச்சையையும் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. கறை போகும், தோலும் போகும். வெதுவெதுப்பான நீரில் சாதாரண சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, இரவில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டாலே ஓரிரு வாரத்தில் வெடிப்பு ஆறிவரும்.

மூன்றாம் படி: பதிவு செய்தல்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் பகுதியில் பாதுகாப்பு என்ற பிரிவுக்குள் கைரேகை என்று இருக்கும். பழைய பொத்தான் வகை ஐபோன்களில் டச் ஐடி என்ற பிரிவு. போனைப் பொறுத்துப் பெயர் சற்று மாறினாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: விரலைப் பலமுறை வைத்து எடுக்கச் சொல்லும், ஒவ்வொரு முறையும் ஒரு துண்டைப் பதிந்துகொள்ளும்.

இந்த இடத்தில் அவசரம் கூடாது. பதியும்போது மேசைமேல் போனை வைத்து விரலின் நடுப்பகுதியை மட்டும் பத்து முறை அழகாக வைத்துவிட்டு முடிப்பவர், பிறகு பேருந்தில் நின்றுகொண்டு ஒற்றைக் கையால் சாய்வாக வைக்கும்போது போன் எப்படி அறியும்? தினமும் எப்படிப் பிடிக்கிறீர்களோ அப்படியே போனைப் பிடித்துக்கொண்டு பதியுங்கள். முதலில் நடுப்பகுதி, பிறகு நுனி, பிறகு இடது ஓரம், வலது ஓரம் என்று விரலை ஒவ்வொரு முறையும் சிறிது நகர்த்தி வையுங்கள். அழுத்தமும் முக்கியம். தேய்ந்த விரலை மெல்லத் தொட்டால் மேடுகள் பதியாது. மிக அழுத்தினால் மேடுகள் நசுங்கிப் பள்ளத்தோடு கலந்துவிடும். காலிங் பெல்லை அழுத்தும் அளவுக்குப் போதும்.

அடுத்ததுதான் இந்த வழிகாட்டியில் என்னிடம் பலரும் நன்றி சொன்ன யோசனை. ஒரே விரலை இரண்டு தனிப் பதிவுகளாகச் சேருங்கள். ஒன்று, ஞாயிற்றுக்கிழமைபோல் வேலையில்லாத நாளில், கை கழுவிச் சூடாக இருக்கும்போது. மற்றொன்று, சனிக்கிழமை மாலை எடைபோட்டு முடித்து வீடு திரும்பியதும், கையைச் சும்மா துடைத்துவிட்டு. முதல் பதிவுக்கு 'மோதிர விரல், ஓய்வு' என்றும் இரண்டாவதற்கு 'மோதிர விரல், வேலை' என்றும் பெயர் கொடுத்துவைக்கலாம். பெரும்பாலான போன்களில் நான்கைந்து பதிவுகளுக்கு இடமிருக்கும். சில போன்கள் ஏற்கெனவே பதிந்த விரல் என்று அடையாளம் கண்டு மறுத்துவிடும். அப்படி மறுத்தால் மற்றக் கையின் மோதிர விரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காகப் பத்து விரலையும் பதிய ஆசைப்பட வேண்டாம். ஒரு விரலை மட்டும் பதிந்த டச் ஐடியை முன்பின் தெரியாத ஒருவரின் விரல் தற்செயலாகத் திறக்கும் வாய்ப்பு 50,000இல் ஒன்று என்று ஆப்பிள் சொல்கிறது. ஐந்து விரல் பதிந்தால் அது 10,000இல் ஒன்றாகிவிடுகிறது. மிகச் சிறிய வாய்ப்புதான், ஆனாலும் தேவையின்றிக் கூட்டுவானேன்?

நான்காம் படி: குளிரில் சோதனை

அடுப்படியில் உட்கார்ந்து திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. காலை ஆறரை மணிக்கு வாசலில் நின்று பத்து முறை திறந்து பாருங்கள். எட்டு முறை திறந்தால் நல்லது. ஐந்துக்குக் கீழே போனால் பதிவை அழித்துவிட்டு மறுபடி பதியுங்கள். தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் நாட்களில் விரலை ஒரு நிமிடம் உள்ளங்கைக்குள் மூடிவைத்துச் சூடேற்றிவிட்டு வைத்தாலே வேறுபாடு தெரியும். இரத்த ஓட்டம் திரும்பித் தோல் சற்று இளகும். அந்த இளக்கமும் லேசான வியர்வைப் பசையும் சென்சாருக்குப் பிடிக்கும்.

விரல் சரிவராதவர்கள் முகத்தைக் காட்டித் திறக்கலாமே என்று கேட்பார்கள். ஐபோனின் ஃபேஸ் ஐடி முகத்தின் மேல் 30,000க்கும் அதிகமான அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி ஆழத்தை அளக்கிறது, அது நம்பத்தகுந்தது. குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன்களிலோ முன்பக்கக் கேமராவின் சாதாரணப் படத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள், ஆகவே பல வங்கிச் செயலிகள் அதை ஏற்பதில்லை. ஆண்ட்ராய்டில் கைரேகை, முகம் போன்ற உயிரளவை முறைகளை வலிமை வாரியாக மூன்று வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். எளிய முக அடையாளம் கீழ் வகுப்புகளிலேயே நின்றுவிடுகிறது. தவிர, குரங்குக் குல்லாவும் மப்ளரும் சுற்றிக்கொண்டு நிற்கும் நீலகிரிக் காலையில் எந்த முகத்தைக் காட்டுவது?

ஐந்தாம் படி: பணச் செயலியில் இணைத்தல்

இதுவரை செய்தது போனின் பூட்டு. பணம் செலுத்தும் செயலியில் விரல் இரண்டு இடங்களில் வேலைக்கு வரும், இரண்டும் வேறுவேறு. செயலியைத் திறப்பதற்கு விரல் கேட்பது முதல் இடம். இது நெடுநாளாக இருப்பது. பணம் அனுப்பும் கடைசிக் கட்டத்தில் யு.பி.ஐ. பின்னுக்குப் பதிலாக விரலை வைப்பது இரண்டாவது, இது புதியது. யு.பி.ஐ. 2016இல் வந்ததிலிருந்து நான்கு அல்லது ஆறு இலக்கப் பின் மட்டுமே கடைசிச் சாவியாக இருந்தது. 2025 அக்டோபரில்தான் அந்த இடத்தில் போனின் கைரேகையையோ முக அடையாளத்தையோ பயன்படுத்தும் வசதியை, யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனம் அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் ஒரு பரிவர்த்தனைக்கு 5,000 ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். நீங்களாக விரும்பி இயக்கினால் மட்டுமே இது வேலை செய்யும். உங்கள் வங்கியும் செயலியும் இரண்டுமே ஆதரிக்க வேண்டும்.

செயலியின் சுயவிவரப் பக்கத்தில் பாதுகாப்பு அல்லது உயிரளவை என்ற பகுதியைத் திறந்து, வங்கிக் கணக்கைத் தேர்ந்து, பின்னை ஒருமுறை கொடுத்து, விரலை வைத்தால் இணைப்பு முடிந்துவிடும். விரல் பொருந்தியதும் போனுக்குள் பூட்டி வைத்திருக்கும் ஒரு மறைச்சாவி திறந்து, இந்தப் பரிவர்த்தனை இந்தப் போனிலிருந்துதான் வந்தது என்று கணிதக் கையொப்பம் இடுகிறது. வங்கி அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது, ரேகையை அது பார்ப்பதே இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறையும் இதையொட்டியதுதான்: உங்களிடம் இருப்பது, உங்களுக்குத் தெரிந்தது, நீங்களாகவே இருப்பது என்ற மூன்றில் குறைந்தது இரண்டு வேண்டும். சிம்மோடு பிணைந்த போன் முதலாவது, விரல் மூன்றாவது.

போனில் புதிதாக ஒரு விரலைச் சேர்த்தபின் வங்கிச் செயலி திடீரென்று பழைய விரலையும் மறுத்துப் பின்னையோ கடவுச்சொல்லையோ கேட்டால் பயப்பட வேண்டாம். புதிய விரல் சேர்ந்தால் பழைய மறைச்சாவி செல்லாமல் போகும்படி அமைப்பது ஒரு நல்ல பாதுகாப்பு. நீங்கள் சேர்க்காமலே அப்படிக் கேட்டால்தான் யோசிக்க வேண்டும்.

டீக்கடை, பேருந்துச் சீட்டு போன்ற சில்லறைச் செலவுக்கு யு.பி.ஐ. லைட் போதும் என்பது என் எண்ணம். ஒருமுறைக்கு 1,000 ரூபாய் வரை, இருப்பு 5,000 வரை, பின்னும் வேண்டாம், விரலும் வேண்டாம். ஆனால் திறந்த போன் யார் கையில் இருக்கிறதோ அவர் செலவழிக்கலாம் என்பதால், வர்க்கிக்கும் டீக்கும் ஆகும் தொகையை மட்டும் அதில் போட்டுவைப்பது உத்தமம்.

விரல் மறுக்கப்படும்போது

ஆண்ட்ராய்டில் ஐந்து முறை தொடர்ந்து தவறினால் அரை நிமிடம் காக்க வைக்கும். தவறுகள் இருபதை எட்டினால் எண்ணைக் கொடுக்கும்வரை விரலை ஏற்காது. டச் ஐடியில் ஐந்து தவறுக்கே எண் கேட்கும். ஆகவே மூன்றாவது முறை மறுத்ததும் நிறுத்திவிட்டு, விரலைத் துடைத்து, சென்சாரையும் சட்டை நுனியால் துடைத்துவிட்டு வையுங்கள். அதற்கும் மறுத்தால் எண்ணைக் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை போன் தானாகவே விரலை ஏற்காமல் எண்ணைக் கேட்பதும் கோளாறு இல்லை. ஆண்ட்ராய்டில் வலுவான கைரேகைக்கே 72 மணி நேரம்தான் கெடு. எண்ணை மறந்துவிடாமல் இருக்க அது ஒரு பயிற்சி போல.

யு.பி.ஐ. பின்னுக்கு அப்படி நினைவூட்டுபவர் யாரும் இல்லை. விரலையே வைத்துப் பழகியவர் விரலுக்கான வரம்புக்கு மேல் அனுப்ப வேண்டிய நாளில், அல்லது இணையமில்லாமல் *99# என்று டயல் செய்து அனுப்ப வேண்டிய இடத்தில், பின்னைத் தேடுவார். வாரத்தில் ஒரு பரிவர்த்தனையையாவது பின் கொடுத்தே செய்யுங்கள். மறந்தே போனால் டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும் கொடுத்தோ, ஆதார் வழியாகவோ புதிய பின் அமைத்துக்கொள்ளலாம்.

மலையில் அதிகம் நடக்கும் இன்னொரு குழப்பம் சிக்னலால் வருவது. விரல் பொருந்தும் வேலை போனுக்குள்ளேயே முடிவதால் சிக்னல் இல்லாமலும் பச்சைக் குறி வந்துவிடும். பணம் போவதற்குத்தான் சிக்னல் வேண்டும். குறி வந்தும் பணம் சேரவில்லை என்று கடைக்காரர் சொன்னால், விரலை மறுபடி வைப்பதற்கு முன் பரிவர்த்தனைப் பட்டியலைப் பாருங்கள். நிலுவையில் என்று காட்டினால் காத்திருங்கள். மேட்டுப்பாளையம் மண்டியில் ஒருமுறை நான் பொறுமையிழந்து மறுபடி அனுப்பிவிட்டு, மலையேறி வீடு வந்து சேர்ந்தபின்தான் இரண்டு தடவையும் பணம் போயிருந்ததைப் பார்த்தேன். மண்டிக்காரர் நல்லவர், திருப்பித் தந்தார்.

ஒரே போன், ஐந்து விரல்கள்

தோட்டத்து லைன் வீடுகளில் ஒரு போனைக் குடும்பமே பயன்படுத்துவது சாதாரணம். அம்மாவின் போனில் மகன், மருமகள், பள்ளிக்கூடத்துப் பேத்தி எல்லோருடைய விரலும் பதிவாகியிருக்கும். பதிவான விரல் ஒவ்வொன்றும் போனுக்கு உரிமையாளரின் விரலே. யார் வைத்தது என்று அது வங்கிக்குச் சொல்லாது. பாட்டு கேட்கவும் விளையாடவும் என்று சேர்த்த விரல், கடைசிக் கட்டக் கைரேகையை இயக்கிய மறுநாள் முதல் பணம் அனுப்பும் விரலாகிவிடும். ஆகவே இயக்குவதற்கு முன் பட்டியலைத் திறந்து, தன் விரலைத் தவிர மற்றவற்றை நீக்கிவிட வேண்டும். "ஏம்மா, என் விரலை எடுத்துட்டீங்க?" என்ற கேள்வி வரும். பிள்ளைக்குப் போன் கொடுக்கும்போது நீங்களே திறந்து கொடுங்கள்.

கைரேகைக்கு விழித்திருக்கும் ஆள் தேவையில்லை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தூங்குகிறவரின் விரலையோ, போதையில் கிடப்பவரின் விரலையோ எடுத்து வைத்தாலும் பூட்டு திறக்கும். அப்படிப்பட்ட கவலை உள்ள வீட்டில், ஆண்ட்ராய்டு போனின் பவர் பொத்தான் பட்டியலில் வரும் லாக்டவுன் என்ற தேர்வைப் படுக்குமுன் தட்டிவிட்டால், அடுத்து எண் கொடுக்கும்வரை விரலுக்கு வேலை இருக்காது. அந்தத் தேர்வு தெரியாவிட்டால் போனை அணைத்து மறுபடி போட்டாலும் அதே பலன்தான்.

ஆதார் விரலைப் பூட்டுவது

போனில் விரல் பாதுகாப்பாக இருந்தாலும், ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் வழி தனியே திறந்திருக்கிறது. பத்திரங்களில் வைத்த கைநாட்டிலிருந்து சிலிக்கான் விரல் வார்த்து மற்றவர் கணக்கில் பணம் எடுத்த மோசடிகள் நாட்டின் பல இடங்களில் பிடிபட்டிருக்கின்றன. இதைத் தடுக்க ஆதார் ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ உயிரளவைப் பூட்டை இயக்கலாம். ஆனால் இயக்கியபின் ரேஷன் கடை இயந்திரமும் உங்கள் விரலை ஏற்காது. அரிசி வாங்கப் போகும் நாளில் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். அதற்கு ஆதாரோடு இணைந்த கைபேசி எண் உங்களிடமே இருக்க வேண்டும். ரேஷனுக்குத் தாமே போகும் வயதானவர்களுக்கு இதை நான் யோசித்தே பரிந்துரைப்பேன்.

பணம் வாங்க விரல் வேண்டாம்

சீசனில் காட்டேஜ் வைத்திருப்பவர்களுக்கு இந்த மோசடி அழைப்பு கட்டாயம் வரும். முன்பணம் அனுப்புகிறேன், செயலியில் நான் சொல்வதைச் செய்யுங்கள் என்று மிக மரியாதையாகப் பேசுவார். முன்பு பின்னைப் போடச் சொன்னவர்கள் இப்போது விரலை வைக்கச் சொல்வார்கள். பின்னுக்காவது நான்கு எண்ணைத் தட்டும் நேரம் யோசிக்கக் கிடைத்தது. விரல் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். பணம் உங்கள் கணக்குக்கு வருவதற்குப் பின்னும் தேவையில்லை, விரலும் தேவையில்லை. விரலை வைக்குமுன் திரையில் தொகையையும் பெயரையும் வாய்விட்டுப் படியுங்கள்.

பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். வங்கியிடமோ உங்களிடமோ தவறில்லாத முறைகேடு என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் விதி வகுத்தது. நீங்களே பின்னைச் சொல்லியிருந்தால், தெரிவிக்கும் நேரம் வரையிலான இழப்பு உங்களுடையது. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும்.

போனே தொலைந்துவிட்டால் சிம்மை முடக்கச் சொல்லுங்கள், வங்கியில் யு.பி.ஐ.யை நிறுத்தச் சொல்லுங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலோடு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்குங்கள். அந்த எண்ணை இன்றே *#06# அழுத்திப் பார்த்து, ரேஷன் அட்டை உறைக்குள் எழுதி வையுங்கள். பழைய போனை விற்பதாக இருந்தால் முழுமையாக அழித்துவிட்டுக் கொடுங்கள். பதிந்த விரல்களும் அதோடு போய்விடும்.

பருவத்துக்கு ஒரு பதிவு

ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனில் மழை பிடித்தபின் ஒன்றும் டிசம்பரில் பனி தொடங்கியபின் ஒன்றுமாக, 'வேலை' என்று பெயரிட்ட பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். 'ஓய்வு' பதிவைத் தொட வேண்டாம், அது கவ்வாத்து நாட்களுக்கும் ஊருக்குப் போகும் நாட்களுக்கும் உதவும். அந்த அக்காவுக்கு அன்று மாலை ஐந்தரை மணிக்கு, எடை மேடையிலிருந்து நேராக வரச்சொல்லி, கையைக்கூடக் கழுவவிடாமல் இடது மோதிர விரலைப் பதிந்து கொடுத்தேன். நேற்று எதிர்க் கடையில் பால் வாங்கிவிட்டு, முதல் தடவையிலேயே எடுத்தது என்று அங்கிருந்தே விரலை உயர்த்திக் காட்டினார்.